கொதித்த ஜாடி

"ஆ...!"

அவள் அலறல் கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடியில் மோதித் திரும்பியது.

சுண்டுவிரல் முறிந்து தொங்கியது.

"அடுத்து மோதிர விரல், அக்கா..." என்றான் தம்பியின் கூட்டாளி. கோட்டுக்குள்ளே சட்டையெல்லாம் ரத்தம்.

அவனுடையது அல்ல... தம்பியுடையது!

காலையில் ஸ்பேனரால் தம்பியின் மண்டையைப் பிளந்துவிட்டு, தம்பி செய்த ஜாடியோடு அக்காவின் பிளாஸ்மா ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தான். வீட்டுப் பிள்ளைபோலப் பழகியவன். காவலாளி தடுக்கவில்லை.

மேஜைமேல் ஜாடி. சாதாரணச் சூட்டிலேயே அணுக்களை இணைத்துச் சக்தி தரும் என்று தம்பி அறிவித்த ஜாடி. கனநீருக்குள் பல்லேடிய உலோகக் கம்பி. கரண்ட் கொடுத்ததும் கொதித்தது.

"அவனை ஏன்டா கொன்னே?"

"'அக்கா சொன்னதுதான் சரி, சூட்டைத் தப்பா அளந்துட்டேன்'னு ஊரறியச் சொல்லப் போறேன்னான்! என் உழைப்பு என்னாகுறது? நீங்க கேமரா முன்னாடி 'இது நிஜம்'னு சொல்லுங்க. உலகமே நம்பும்."

ஏமாற்றுக்காரன் என்று அவள் முகம் கொடுத்துப் பேசாமல் ஒதுக்கிய தம்பி... யோக்கியன்!

"முடியாது."

"பொறாமை! உங்க பிளாஸ்மாவுக்குப் பத்துக் கோடி டிகிரி வேணும். காந்தத்தால கட்டி வெச்சாலும் நழுவி ஓடுது. இது டம்ளர் தண்ணியில நடக்குது!"

"எங்களுக்கு அணு சேருது... பிடிச்சு வெக்கத்தான் முடியல. உங்களுக்குச் சேரவே இல்லடா!"

கத்தி அவள் கன்னத்தைக் கிழித்தது. மேஜைமேல் குப்புற விழுந்தாள்.

வீல்... வீல்... வீல்...!

சிவப்பு விளக்கு சுழன்றது.

"என்னது அது?"

நிமிர்ந்தாள். சிரித்தாள்! வாயெல்லாம் ரத்தம்.

"நியூட்ரான் அலாரம். அணு சேர்ந்தா நியூட்ரான் கதிர் பாயும். நீ ஜெயிச்சுட்டேடா!"

"நிஜமாவா?"

"ஆமா. பக்கத்துலயே நின்னியே... உள்ளே எல்லாம் வெந்திருக்கும்."

"நீங்களும்தானே நின்னீங்க!"

"தம்பியே போயிட்டான். எனக்கென்னடா?"

கத்தி நழுவியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

"அக்கா... ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா! நான்தான் கொன்னேன், ஒத்துக்கறேன்... காப்பாத்துங்க!"

அலாரம் கேட்டு ஓடிவந்த காவலாளிகள் அவன்மேல் பாய்ந்தார்கள். போலீஸ் ஜீப் வந்தது.

அவனுக்கு விலங்கு மாட்டிய இன்ஸ்பெக்டரே ஜாடியை விட்டு ஒதுங்கினார். "மேடம்... நாமளும் ஓடணுமா?"

"வேண்டாம் சார். விழுந்தப்போ மேஜையில இருந்த அலாரத்தோட டெஸ்ட் பட்டனை அமுக்கினேன். தண்ணி கொதிச்சது வெறும் கரண்ட் சூட்டுல."

சொல்லிவிட்டு, அப்போதுதான் தம்பிக்காக வாய்விட்டு அழுதாள்.

கூட்டாளியின் முகத்தில் உயிர் வந்தது.

"அப்போ... நான் சாக மாட்டேனா?"

இன்ஸ்பெக்டர் அவன் பிடரியில் கைவைத்து ஜீப்புக்குள் தள்ளினார்.

"அது இனிமே ஜட்ஜ் கையில இருக்குடா... நியூட்ரான் கையில இல்ல!"