ரோஜர் சொன்னது யார்?

1968 ஆகஸ்ட் 14, காலை 9.42. வண்டலூரை அடுத்த தனியார் விமானப் பயிற்சித் திடலில் இரண்டு சிறு விமானங்கள் மோதிக் கிடந்தன. தரையிறங்கிய விமானத்துக்குள் பயிற்சி மாணவன் லாசரஸ் பிணமாகச் சாய்ந்திருந்தான். ஓடுபாதையில் குறுக்கே வந்த விமானத்தின் விமானி சாலமோன் கால் முறிந்து உயிர் தப்பினார். அவருடைய ரேடியோ சுக்குநூறாகியிருந்தது.

பகல் 11.30. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இன்ஸ்பெக்டர் முனிரத்தினம் உட்கார்ந்தார்.

"பாதைக்குள்ள யார் போகச் சொன்னது?"

"டவர்ல டியூட்டி பாக்கற வில்பிரட்தான் சார். போன்னார், போனேன்."

"அப்புறம் நிறுத்தச் சொன்னாராமே?"

"எனக்கு எதுவும் கேக்கலை."

"'ரோஜர், ஹோல்டிங்', அதாவது கேட்டுச்சு, நிக்கறேன்னு பதில் சொல்லியிருக்கீங்க."

"சத்தியமா நான் சொல்லலை சார்!"

பகல் 12.15. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வில்பிரட், ரேடியோ பேச்சுகள் பதிவான ஸ்பூல் டேப்பை எடுத்து வைத்தார்.

"முதல்ல அனுமதி குடுத்தது நிஜம் சார். உடனே லாசரஸ், இன்ஜின் கோளாறு, இறங்கறேன்னான். சாலமோனை நிக்கச் சொல்லி மூணு தடவை கூப்பிட்டேன். மூணாவது தடவை பதில் வந்தது. அதை நம்பி லாசரஸ் பக்கம் திரும்பிட்டேன்."

ஸ்பூல் டேப்பிலும் அந்தப் பதில் இருந்தது. கரகரப்பில் குரல் யாருடையது என்று சொல்ல முடியவில்லை. இருவரில் ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டும்; இருவர் முகத்திலும் பொய் தெரியவில்லை.

பகல் 1.00. விமானக் கொட்டகை. கூரைத் தகரத்தை ஆட்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ மெக்கானிக் ஏசுபாதம் கையைத் துடைத்தபடி வந்தார்.

"சாலமோன் ரேடியோவை நீதான் பாத்தியா?"

"ஆமா சார், நேத்து. சரி பண்ணி கையெழுத்தும் போட்டுக்கீறேன்."

"மோதினப்ப எங்க இருந்தே?"

"இங்கதான். வேறொரு பிளேன் ரேடியோவ டெஸ்ட் பண்ணிகினு இருந்தேன். காலைலேர்ந்து இந்தத் தகரச் சத்தம், ஒரே பேஜாரு."

மாலை 4.00. சிட்லபாக்கத்திலிருந்து வில்பிரட்டின் அக்கா தபீதாள் கோபுரத்துக்கு ஓடிவந்தார். தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பன்னிரண்டு வருடமாக வெளியூர் டெலிபோன் பேச்சுகளை இணைக்கும் டிரங்க்கால் ஆபரேட்டர்.

"தம்பியை ஜெயில்ல போடறதுக்கு முன்னாடி அந்த டேப்பை நானும் ஒரு தடவை கேக்கறேன் சார்."

ஒரு தடவையல்ல, நான்கு தடவை கேட்டார்.

"முதல்ல சாலமோன் பேசறப்ப பின்னால இன்ஜின் இரையுது. இந்தப் பதில்ல இன்ஜின் சத்தமே இல்ல."

"அணைச்சிருக்கலாமேம்மா?"

"அணைச்ச விமானம் எப்படி சார் பாதைக்குள்ள நகரும்? இன்னும் கவனியுங்க. டங், டங்னு தகரம் அடிபடுது."

முனிரத்தினம் சட்டென்று எழுந்தார். வில்பிரட்டையும் அழைத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார்.

"ரோஜர் சொன்னது நீதான், ஏசுபாதம். தகரச் சத்தத்தோட பேசற ரேடியோ இந்தக் கொட்டகைலதான் இருந்தது."

ஏசுபாதம் மேசையிலிருந்த ரேடியோவைக் காட்டினார்.

"சாலமோன் சார் ரேடியோ வுட்டு வுட்டுதான் கேக்கும். புது வால்வு வரல. சரியாயிடுச்சுன்னு எழுதிட்டேன். டவரு கூப்ட்டுகினே கீது, பதிலே இல்ல. என் குட்டு வெளிய வந்துடும்னு நானே பேசிட்டேன் சார். இங்கேர்ந்து பாதை தெரியாது. அவரு ஓரமா நின்னுகினுதான் இருக்காருன்னு நெனச்சேன்."

வில்பிரட் மெல்லச் சொன்னார்.

"பதில் வரலைன்னா விமானத்தை நிறுத்தச் சிவப்பு விளக்கைக் காட்டணும். கையில எடுத்துட்டேன் ஏசுபாதம். உன் குரலைக் கேட்டுத்தான் கீழ வச்சேன்."