கூடாரத்துக்கு வெளியே குலேந்திரன்

சர்ர்ர்...

உடுப்பின் சிப் இழுபடும் சத்தம்!

புஷ்பமலரின் கை அப்படியே நின்றது. எதிரே மூன்று வயதுக் குழந்தை ஒன்று, பாதி பூட்டிய பனி உடுப்போடு அவளை அண்ணாந்து பார்த்தது.

குரோருட் என்ற பனிநாட்டு ஊரில் அவள் வேலை பார்க்கும் சிறுவர் பள்ளியில் பதினெட்டுப் பிள்ளைகள். பதினெட்டுப் பனி உடுப்புகள். பதினெட்டு சிப்புகள். ஒவ்வொன்றிலும் அவள் கணவன் குலேந்திரன் நின்று கூப்பிட்டான்.

"மலர்... திற."

செத்து இருபத்தாறு நாளாகிறது. மனுஷன் இன்னும் விட்டபாடில்லை.

சாம்பியாவில், ஒழுங்கான பாதைகூட இல்லாத ஒரு காட்டுச் சரணாலயத்துக்கு இருவரும் சஃபாரி போயிருந்தார்கள். வழிகாட்டி யூலியன் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். இருட்டிய பின் கூடாரத்தின் சிப்பைத் திறக்கக் கூடாது. காலையில் அவன் வந்து கூப்பிட்ட பிறகுதான் வெளியே வரவேண்டும். குரங்குகள் திறந்துவிடாமல் இருக்க உள்பக்கம் ஒரு கொக்கியும் உண்டு.

குலேந்திரன் யார் சொல்லைத்தான் கேட்டான்? இருட்டில் வெளியே போனான்.

விடிந்தபோது யூலியனுக்குக் கிடைத்தவை ஒரு செருப்பு, சிங்கத்தின் காலடிகள்... அப்புறம், பார்க்கக் கூடாத சில.

நித்திரைக் குளிசை போட்டுத் தூங்கிவிட்டேன், ஒன்றும் தெரியாது என்றாள் புஷ்பமலர். அங்குள்ள பொலிசார் நம்பினார்கள். விபத்து என்று எழுதினார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தான் பிரசாந்தன். குலேந்திரனின் தம்பி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டு அவன் பொறுப்பு. அச்சுப் பிரதியை மேசையில் விரித்தான். இறந்த திதி வரவேண்டிய இடம் மட்டும் காலி.

"ஐயர் ஒரு சிக்கல் சொல்லுறார், அண்ணி."

"என்ன?"

"அண்டைக்கு விடியப்புறம் நாலரைக்குத் திதி மாறியிருக்காம். அதுக்கு முதல் எண்டால் ஏகாதசி. பிறகெண்டால் துவாதசி. அண்ணா எத்தினை மணிக்குப் போனவரெண்டு ஆருக்குத் தெரியும்? நான் ஏகாதசி எண்டே போட்டுவிடுறன்."



பிழையான திதியில் திவசம் செய்தால் படையல் போய்ச் சேராதாம். ஆத்மா பசியோடு வீட்டையே சுற்றுமாம். இதையும் ஐயர் சொன்னதாகச் சொல்லிவிட்டு, பிரசாந்தன் பேனாவின் மூடியைக் கழற்றினான்.

புஷ்பமலர் பேனா முனையையே பார்த்தாள். உண்மையான நேரத்தைச் சொன்னால் அகப்படுவாள். சொல்லாவிட்டால்... சாகும்வரை ஒவ்வொரு சிப்பிலும் அந்தக் குரல்!

பேனா காகிதத்தைத் தொட்டது.

வாசலோரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த குலேந்திரனின் ஜக்கெற்றிலிருந்து... சர்ர்ர்...

"ஏகாதசி இல்லை, தம்பி. துவாதசி."

"நிச்சயமோ?"

"ஓம். அஞ்சுக்குப் பத்து நிமிசம் இருக்கேக்கை."

பேனா நின்றது.

"நீங்கள் நித்திரை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"யூலியனோடை கதைச்சனான், அண்ணி. காலமை அவன் வரேக்கை கொக்கி உள்ளுக்குப் பூட்டிக் கிடந்ததாம். அண்ணா வெளியிலை போன பிறகு ஆர் பூட்டினது?" பிரசாந்தன் பேனாவை மூடினான். "அண்டைக்குத் திதி மாறவேயில்லை. நாள் முழுக்க ஏகாதசிதான். ஐயர் ஒண்டும் சொல்லேல்லை. நான் சொன்னது முழுக்கப் பொய்."

புஷ்பமலர் கண்ணைத் திறந்தாள்.

"திற, திற எண்டு கெஞ்சினவர். இருபத்திரண்டு வருசமா இந்தப் பல்கனியிலை அவர் விட்டுப் பூட்ட, பனிக்குள்ளை நிண்டு நானும் அப்பிடித்தான் கெஞ்சினனான். அவர் ஒருநாளாவது உடனை திறந்தவரோ?"

பிரசாந்தன் பல்கனிக் கதவைப் பார்த்தான். அது அவனுக்குத் தெரியாத விஷயமல்ல. தெரிந்தும் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் பொலிசுக்குப் போன் எடுத்தான்.

அவள் தடுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அச்சுப் பிரதியை நிதானமாக வாசித்தாள்.

"தம்பி, இதிலை இன்னொரு பிழையும் கிடக்கு."

"என்ன?"

"'புஷ்பமலரின் அன்புக் கணவர்' எண்டு போட்டிருக்கிறாய். அச்சுக்குக் குடுக்க முதல் அதையும் வெட்டிவிடு."