சிவப்புக் கார் போரடித்த சாயங்காலம்

யாரும் புரட்டிப் போடாத நெல்தாள் புரண்டு கிடந்தது.

மிராசுதார் ரெங்கசாமி காரிலிருந்து எட்டிப் பார்த்தார். மன்னார்குடிச் சாலையில் அரை மைலுக்குத் தாளைப் பரப்பி, அதன் மேல் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரையே ஓட்டிப் போரடித்துக்கொண்டிருந்தார். ஆட்கள் வேலைநிறுத்தம். ஒருமுறை ஓட்டித் திரும்பினால், நசுங்கிய பக்கம் கீழே போய், உதிராத கதிரெல்லாம் மேலே வந்து, வரிசை பிசகாமல் கிடக்கிறது. சாலையில் ஈ காக்கை இல்லை.

முதலில் சந்தோஷம்தான். கூலி கேட்காத ஆள் பேயானாலும் பரவாயில்லை என்கிற குடும்பம் அது.

காரும் லேசுப்பட்டதல்ல. இரண்டே சீட்டு. மூன்றாவது கியரில் உறுமினால் வலங்கைமானில் பால் திரியும். கும்பகோணம் கிளம்பினால் அவர் போய்க் காபி குடித்து முடித்த பிறகுதான் அவர் நிழல் வந்து சேரும். தரையோடு ஒட்டிய வண்டி, சாலையின் ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பில் எண்ண வைக்கும்.

சங்கத்துக் கோவிந்தராசு சைக்கிளில் வந்து கால் ஊன்றினான். ஆட்சி மாறியதிலிருந்து அவன் வாயில் 'ஆண்டே' போய் 'சார்' வந்திருந்தது.

"என்ன சார், காரு போரடிக்குதா? மாடெல்லாம் வெக்கப்படுது."

"மழை கட்டுதுடா. அத்தனையும் முளைச்சுப்போவும். ஆளை அனுப்பு."

"ராமாயிய வண்டியில அடிச்சுக் கொன்னது யாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே இறங்குறோம்."

"லாரின்னு சொன்னேன்ல?"

"அன்னிக்கு நாங்க பக்கத்துத் தோப்புலதான் சோறு தின்னுக்கிட்டிருந்தோம் சார். ஒரு ஹாரன் சத்தங்கூடக் கேக்கல."

சைக்கிள் போய்விட்டது.

போன தையில் இதே இடத்தில்தான் ராமாயி வெற்றிலை புகையிலையை வாயில் அடக்கியபடி குனிந்து தாள் புரட்டிக்கொண்டிருந்தாள். அவர் காரின் வேகம் பார்க்க வந்தார். தன் நெல், தன் ஊர்ச் சாலை, யாருக்கு ஹாரன்?

கிழக்கே மேகம் கறுத்து வெளிச்சம் மங்கியது. மறுபடி ஓட்டினார். வண்டி கனத்தது, கியர் மாற்றினாலும் எழும்பவில்லை, இடது சக்கரம் எதன் மீதோ மெத்தென்று ஏறி இறங்கியது. பெட்ரோல் வாசனைக்கு நடுவே வெற்றிலையும் புகையிலையும் மணத்தன. கண்ணாடியில் பார்த்தார். பின்னால் தாள் ஒவ்வொரு கையளவாக எழும்பி, புரண்டு, படுத்தது. எழும்பி, புரண்டு, படுத்தது. காரை நோக்கி.

மிதித்தார். இன்ஜின் அலறியது. சக்கரம் நகரவில்லை.

அணைந்தது.

சொல்லிவிடலாமா? ஒரே வார்த்தைதானே? "கோவிந்தராசு!" தோப்புப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

இறங்கி ஓடினார். தாளில் கால் வழுக்கியது. குப்புற விழுந்தார். முதுகில் ஒரு கைத் தாள் வந்து விழுந்தது. இன்னொரு கை. சுணை அரித்தது. நிதானமான, பழகிய வேலை. எழ முடியவில்லை. இப்போது அவர் மேல் பரப்பு சமமாக இருந்தது.

சாலைக் கோடியில் ஒரு இன்ஜின் கிளம்பியது. அந்தச் சத்தத்தை அவருக்குத் தெரியாதா? முதல் கியர். இரண்டு. மூன்று.

தாளின் இடுக்கில் சிவப்பு தெரிந்தது. பெரிதானது.

காது கூர்ந்து காத்திருந்தார்.

ஹாரன் அடிக்கவில்லை.