மொட்டைச்சாமியின் வாய்

மத்தியானம் வைத்த ரத்தச்சோற்றில் ஒரு ஈ கூட உட்காரவில்லை. வெட்டிய கிடாயின் தலையிலும், பாறையில் காய்ந்த ரத்தத்திலும், பொன்செல்வியின் கால்விரலிலும்கூட ஈ மொய்த்தது. சாமியின் வாய்க்குள் திணித்திருந்த சோற்றை மட்டும் அவை தொடவில்லை. ஈக்கே வேண்டாத சோற்றை அவள் தின்ன வேண்டும், பொழுது சாய்வதற்குள்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து வயல் வழியாக நடந்தால் இந்தப் பாறைக்கோயில் வரும். உள்ளே சம்மணமிட்டு, மடியில் கைமேல் கை வைத்து மொட்டைச்சாமி. வெளியே தொல்லியல் துறையின் நீல போர்டு இதை எண்ணூறு வருடத்துச் சமணக் கோயில் என்கிறது. இருப்பவர் எறும்புக்கும் தீங்கு நினையாத முனிவராம். இருட்டினால் சாமி சாப்பிடாது என்பது ஊருக்குத் தெரியும், ஏன் என்று மட்டும் தெரியாது. மூடியிருந்த கல்வாயை எந்தப் பாட்டனோ உளியால் உடைத்துத் திறந்திருக்கிறான், ஊட்டுவதற்கு வசதியாக. அந்த உளி குங்குமப் பொட்டோடு இன்னும் காலடியில் கிடந்தது.

"அத்தை, இது கறி திங்காத சாமின்னு எழுதியிருக்கு."

"போர்டு போன வருசம் வந்தது," என்றாள் மாமியார் சுடலைவடிவு. "ரெண்டு பிள்ளைய வயித்துலயே இழந்துட்டு நிக்க. இதாவது தங்கட்டும். பேசாம எடுத்துத் தின்னு."

பொன்செல்வி ஆறு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பழைய எண்ணெயின் சிக்கு, ஊறிப்போன கொழுப்பு, திரி கருகிய புகை, எல்லாவற்றுக்கும் அடியில் பல் தேய்க்காத வாயின் வீச்சம். கல்லுக்கு ஏது வாய்நாற்றம் என்று நினைத்துக்கொண்டே விரலை விட்டாள். சோறு வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குப் பின்னாலும் சோறு. பழையது, கொழகொழவென்று, ஆட்டுமயிரும் எலும்புத் துணுக்குமாக. பாட்டன் காலத்துப் படையல் எல்லாம் அங்கேயே இருந்தது. ஒரு கவளம்கூட உள்ளே இறங்கவில்லை.

ஏதோ அவள் விரலை வெளியே தள்ளியது. மெத்தென்று. ஈரமாக.

நாக்கு.

"போடு பிள்ள, பொழுது போகுது."

கண்ணை மூடி ஒரு கவளத்தை வாயில் போட்டாள். கண்ணைத் திறந்தபோது சாமியின் வாய் மூடியிருந்தது. உளி பட்ட தடமே இல்லை.

விழுங்கப் பார்த்தாள். இறங்கவில்லை. துப்பப் பார்த்தாள். உதடு பிரியவில்லை. தொட்டாள். குளிர்ந்திருந்தது. சொரசொரப்பாக.

கல்.

உள்ளே சோறு இன்னும் வெதுவெதுத்தது. ஒரு மயிர் அண்ணத்தில் ஒட்டியது. வயிற்றில் பிள்ளை உதைத்தது.

மாமியார் அவள் தாடையை அழுத்திப் பார்த்தாள். மேற்கே பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற மகனைக் கோபமில்லாமல் கூப்பிட்டாள்.

"ஏலே இசக்கிதுரை, உன் பொண்டாட்டி வாயத் திறக்க மாட்டேங்கா. சாமி காலடில கெடக்குத உளிய எடு. பைய தட்டு, வயித்துப் பிள்ள அதிரப்பிடாது."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.