கழித்துவிட்ட மூச்சு

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு அவள் முதன்முதலாக இறங்கிய அன்று வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். படிக்கட்டு திரும்பும் இடத்திலேயே அந்த வெயில் நின்றுகொண்டது. அதற்குக் கீழே ஈரச் சுவரும் கிரீஸும் பழைய ரப்பரும் கலந்த ஒரு வாடை. தாழ்வாரத்தின் கோடியில் இருந்த ஆய்வகத்தின் நடுவில், அறைக்குள் ஓர் அறையாக, ஒரு இரும்புப் பெட்டி நின்றது. ஒரு ஆள் உள்ளே உட்காரலாம். காலை நீட்ட முடியாது.

"இதான் நம்ம மாளிகை. பயந்துடாத குட்டி," என்று சிரித்தாள் அக்கா.

உடன்பிறந்த அக்கா அல்ல. அதே ஆய்வகத்தில் பட்டம் வாங்கிவிட்டு அங்கேயே வேலைக்கும் ஒட்டிக்கொண்டவள். வந்த முதல் நாளிலேயே இவளுக்குக் குட்டி என்று பெயர் வைத்தாள். தன் சாப்பாட்டில் பாதியை இவள் பக்கம் தள்ளிவிட்டாள். பேராசிரியரிடம் எப்போது வாயைத் திறக்கலாம், எப்போது திறக்கவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தாள். ஆராய்ச்சிக்கு வந்த இடத்தில் இப்படி ஒரு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் குட்டி அவளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

குட்டியின் ஆராய்ச்சி இயந்திரவியலும் கணிதமும் கலந்தது. சுரங்கத்திலோ கப்பலின் அடித்தளத்திலோ ஆட்கள் மாட்டிக்கொண்டால், உள்ளே இருக்கும் காற்றை மட்டும் அளந்து, எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள், இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவார்கள் என்று சொல்ல வேண்டும். பேராசிரியர் இதற்கு முன்பே ஒரு கணித மாடல் செய்து பெரிய பெயர் வாங்கியிருந்தார். அதில் ஒரு குறை. அமைதியாக உட்கார்ந்திருப்பவனின் மூச்சு மட்டும்தான் அதற்குத் தெரியும். பயந்தவன் எவ்வளவு கூடுதலாகக் காற்றை இழுப்பான் என்பது தெரியாது. பயத்தையும் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் குட்டிக்கு முனைவர் பட்டம்.

"எப்பம்மா முடியும்?" என்று அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் "இதோ, கடைசிக் கட்டம்" என்று சொல்லிச் சொல்லி, அந்தக் கடைசிக் கட்டத்துக்கே நரை விழுந்துவிட்டது.

பெட்டிக்குள் விளக்கு கிடையாது. விளக்கு சூடாகும், சூடு காற்றைக் கிளறும், கணக்கு கெட்டுவிடும். உள்பக்கம் கைப்பிடியும் கிடையாது. அதற்கென்று துளை போட்டால் காற்று கசியும். வெளியே இருக்கும் சக்கரத்தைச் சுற்றித்தான் கதவைத் திறக்க முடியும். உள்ளே போகிறவருக்கு வெளியே நிற்பவர்தான் கதி.

"நான் எத்தன தடவ உள்ள உக்காந்திருக்கேன் தெரியுமா? தூங்கியே போயிருக்கேன்," என்றாள் அக்கா. "நீ ஒரு தட்டு தட்டு, போதும். அடுத்த நொடி திறந்துடுவேன்."

முதல் சோதனை சின்னதுதான். குட்டி உள்ளே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தாள். சுவர்களில் பதித்த சென்சார்கள் காற்றை அளந்திருந்தன. கணினி கணக்குப் போட்டு முடித்தது.

உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர் என்றது.

எங்கோ தப்பு என்று சமன்பாட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு என்றே வந்தது. "உனக்குள்ள இன்னொருத்தி ஒளிஞ்சிட்டிருக்கா போல," என்று அக்கா கேலி செய்தாள். குட்டியும் சிரித்துவிட்டு, காலிப் பெட்டியைப் பூட்டி அளந்து பார்த்தாள்.

ஒருவர் என்றது.

குட்டிக்குச் சிரிப்பு நின்றது. எண்ணைக்கூட விட்டுவிடலாம், கூடவே வந்த கோட்டைத்தான் விட முடியவில்லை. மூச்சின் கோடுகளைப் பார்த்தே கண் பூத்துப்போனவள் அவள். திரையில் ஓடிய கோடு நிதானமாகத் தொடங்கியது. வேகம் பிடித்தது. தாறுமாறாகத் துடித்தது. பிறகு விட்டுவிட்டு வந்தது. நின்றது. கொஞ்சம் கழித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. காலிப் பெட்டிக்குள் யாரோ திரும்பத் திரும்ப மூச்சுமுட்டிச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

பேராசிரியர் அந்தப் படத்தை முழுதாகப் பார்க்கக்கூட இல்லை.

"சென்சார் பிழைம்மா. எல்லாரும் அதுல ஒண்ணக் கழிச்சிடுவாங்க. நீயும் கழிச்சிடு."

"எல்லாரும்னா யாரு சார்?"

அடிக்காத போனை எடுத்து அவர் காதில் வைத்துக்கொண்டார். அன்றே கணினி நிரலில் தன் கையாலேயே அந்தக் கழித்தலைச் சேர்த்தார். எந்த எண் வந்தாலும் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் திரை காட்டும். காலிப் பெட்டி பூஜ்ஜியமானது. குட்டி உள்ளே போனால் ஒன்று. பார்க்க எல்லாம் சரியாக இருந்தது.

"சார் சொல்றதக் கேட்டுக்கோ குட்டி. வெறும் மெஷின் கோளாறு. எனக்கும் வந்துச்சு," என்றாள் அக்கா. சொல்லும்போது இவள் முகத்தைப் பார்க்கவில்லை, சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அப்போதே குட்டிக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அக்கா ஆயிற்றே.

கடைசிச் சோதனைக்கு ஒரு மதிய வேளையைக் குறித்தார்கள். பெட்டிக்குள் ஸ்பீக்கரில் திடீரென்று சைரன் ஒலிக்கும், திடுக்கிட்டவளின் மூச்சு எப்படி மாறுகிறது என்று அளப்பார்கள். அதுதான் திட்டம். பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டிய தாளை மேசைமேல் தயாராக எடுத்து வைத்திருந்தார்.

"முழுசா ஒரு சோதனைம்மா. வெளிய வந்ததும் கையெழுத்து."

அக்கா குட்டியின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "நான் இங்கயேதான் நிப்பேன்."

கதவு ரப்பரில் பதிந்து மூடியது. சக்கரம் சுற்றும் ஓசை கேட்டது.

கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றேயான இருட்டு. இரும்பின் குளிர் முதுகில் ஏறியது. முழங்கால்களைக் கட்டிக்கொண்டு குட்டி தன் மூச்சைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு இன்னொன்றும் கேட்டது.

எதிர்மூலையில்.

மூக்கால் இழுத்து, வாயால் விடும் மூச்சு. மெஷின் கோளாறு, மெஷின் கோளாறு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கோளாறுக்கு வாடை உண்டா? வியர்வை வாடை அடித்தது. வெயிலில் வேலை செய்தவனின் வியர்வை அல்ல. பயந்தவனின் புளித்த வியர்வை.

சைரன் வரவில்லை. அவள் காத்திருந்தாள். அது வரவே இல்லை. தலை கனத்தது. நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. எவ்வளவு இழுத்தாலும் நெஞ்சு நிறையவில்லை. கெட்ட காற்றின் அறிகுறிகள் அவளுக்கு மனப்பாடம். ஒருத்தி மட்டும் இருக்கும் பெட்டியில் இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகக் கூடாது.

இரண்டு பேர் இருந்தால் ஆகும்.

தட்டினாள்.

ஸ்பீக்கர் கரகரத்தது. "என்ன குட்டி?"

"திறங்கக்கா. மூச்சு முட்டுது."

"ஸ்கிரீன்ல நல்லாத்தான காட்டுது. இன்னும் பாதிக்கு மேல காத்து இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"ஸ்கிரீன்ல ஒண்ணக் கழிச்சிருக்கு அக்கா! இங்க நிஜமாவே இன்னொருத்தர்..."

அதற்குமேல் அவள் குரல் வெளியே போகவில்லை. ஸ்பீக்கர் அணைவதற்கு முன் பேராசிரியரின் பேச்சு மட்டும் தாழ்வாக, சந்தோஷமாகக் கேட்டது.

"திறக்காத, திறக்காத. இப்பதான் ஏறுது."

அப்போதுதான் குட்டிக்குப் புரிந்தது. சைரன் எப்போதுமே கிடையாது. திறக்காத கதவுதான் சோதனை. அவர்கள் அளந்துகொண்டிருந்தது அவள் பயத்தை. அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தலையைத் தடவியிருக்கிறாள்.

இரண்டு கையாலும் கதவை அடித்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். எதிர்மூலையின் மூச்சும் அவளோடு சேர்ந்து இரைத்தது. இருட்டில் அது நகர்ந்தது. அவள் தோளை உரசுவது போல அருகில் வந்து நின்றது.

"தட்டாத."

காதோரம் சில்லென்று இருந்தது.

"தட்டினா காத்து வீணாகும். அவங்க திறக்க மாட்டாங்க."

யாரென்று அவள் கேட்பதற்குள் அது மறுபடி பேசியது.

"நான் நிறுத்திக்கிறேன்."

நீளமாக ஒருமுறை மூச்சை இழுக்கும் ஓசை. அது வெளியே வரவே இல்லை.

பெட்டி முழுக்க ஒரே ஒரு மூச்சுதான் மிஞ்சியிருந்தது. அவளுடையது.

வெளியே தடதடவென்று ஓடிவரும் காலடிகள். சக்கரம் சுற்றியது. வெளிச்சமும் காற்றும் ஒன்றாக முகத்தில் அறைந்தன. பேராசிரியர் பேயறைந்தவர்போல் நின்றார். விஷயம் இதுதான். உள்ளே ஒரே ஒரு மூச்சு இருந்தபோது, நிரல் வழக்கம்போல அதிலும் ஒன்றைக் கழித்துவிட்டது. திரை பூஜ்ஜியம் என்று காட்டியிருக்கிறது. குட்டி செத்துப்போனாள் என்று நினைத்துத்தான் கதவையே திறந்தார்கள். அவள் தட்டியதற்காகத் திறக்கவில்லை.

தவழ்ந்து வெளியே வந்து தரையில் கிடந்தாள். அவள் இருமுவதைப் பார்த்ததும் பேராசிரியரின் முகத்துக்கு ரத்தம் திரும்பிவிட்டது. ஓடிப்போய்த் திரையைப் பார்த்தார்.

"பிரமாதம்மா! முன்னாடியே சொல்லியிருந்தா பயம் நிஜமா வந்திருக்குமா? உன் நல்லதுக்குத்தான் சொல்லல." நின்றபடியே தாளை எடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

குட்டி அக்காவை மட்டும் பார்த்தாள்.

"நான் தட்டினது கேட்டுச்சா அக்கா?"

அக்கா சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள்.

"கேட்டுச்சு."

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். அறுத்தவர் பேராசிரியராக இருந்தால் குட்டி தாங்கியிருப்பாள். அவரை அவள் அவ்வளவாக நம்பியதே இல்லை. பாதிச் சாப்பாட்டைத் தந்த கை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"உள்ள ஒருத்தர் இருக்கார்," என்றாள் குட்டி. "நீங்க திறக்க மாட்டீங்கன்னு சொன்னார்."

அக்கா அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "என்கூட ஒரே நாள்ல சேந்தவன். அவனும் தட்டினான். மாடல் படி காத்து இருந்துச்சு. திறந்தா டேட்டா போயிடும்னு சார் சொன்னார். பயந்தவன் அதிகமா இழுப்பான்னு மாடல்ல இல்லையே குட்டி. சக்கரத்துல என் கைதான் இருந்துச்சு. மாரடைப்புன்னு எழுதி முடிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தக் கோடு நிக்கவே இல்ல."

"நீங்க ஒரு தடவகூட உள்ள போனதில்ல. இல்ல?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

குட்டி எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, கணினியில் அந்தக் கழித்தலை நீக்கினாள். திரை படத்தைத் திருத்தி வரைந்தது. இரண்டு மூச்சுகள் பின்னிப்பின்னி ஏறின. ஓரிடத்தில் ஒன்று சட்டென்று நின்றது. மற்றது மட்டும் தொடர்ந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். திறந்த பெட்டியை அக்கா மறுபடி பூட்டி அளந்தாள். இந்த முறை எதையும் கழிக்காமலே பூஜ்ஜியம் வந்தது.

"போயிட்டான்," என்று முணுமுணுத்து அவள் விம்மினாள். அது துக்கம்கூட இல்லை, நிம்மதி. குட்டி அவளிடமிருந்து விலகி நின்றாள்.

"நான் எல்லாத்தையும் வெளிய சொல்லப் போறேன் சார்."

"சொல்லேன்," என்றார் பேராசிரியர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. "செத்தவன் மூச்சு விட்டான்னா? யாரும்மா நம்புவா? சென்சார் பிழைன்னு நான் ஒரு வரி எழுதினா முடிஞ்சது."

கையெழுத்திட்ட தாள் மேசையிலேயே கிடந்தது. அத்தனை வருட உழைப்பு அது. குட்டி அதைத் தொடாமல் படியேறினாள்.

நெஞ்சை ஒருமுறை காட்டிவிடு என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால், மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கப் போனாள். நல்ல வெளிச்சமான அறை. கதவை மூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். மூடாமல் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார் எக்ஸ்ரேக்காரர்.

"தாடைய இங்க வைங்க. தோள முன்னாடி தள்ளுங்க. நல்லா மூச்ச இழுத்து அப்படியே பிடிங்க."

அவர் தடுப்புக்குப் பின்னால் போனார். இயந்திரம் உறுமி அடங்கியது.

"மூச்சு விட்டுட்டீங்கம்மா. படம் கலங்கிடுச்சு. இன்னொரு தடவ."

இழுத்துப் பிடித்தாள். இயந்திரம் உறுமியது.

"என்னம்மா நீங்க? நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நான் விடல," என்றாள் குட்டி.

"அப்ப இது யாரு விட்ட மூச்சு?" என்று அலுத்துக்கொண்டே அவர் தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

மூக்கையும் வாயையும் அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பொத்தியிருந்தாள். அந்தக் கைகளுக்குக் கீழே அவள் மார்பு, அவளைக் கேட்காமல், நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.