உப்பண்ணன் கரைந்துபோன வாரம்

போன வருடம் எங்கள் ஐந்தாம் வகுப்பு ஜன்னலில் ஓர் ஊரே தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஆறாம் வகுப்புக்காகப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டேன். இங்கே ஜன்னல் பெரிது. ஆனால் அதில் ஒன்றுமே தொங்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது.

அதன் பெயர் வெண்மேட்டூர். நானும் சித்தார்த்தனும் உண்டாக்கிய ஊர். நான் கதை சொல்வேன், அவன் வரைவான். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்தான் எங்கள் காமிக்ஸ். முடித்ததும் துணி கிளிப் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவோம்.

எங்கள் நாயகன் உப்பண்ணன். உடம்பு முழுக்க உப்பு, தலையில் சிவப்புத் துண்டு, கையில் உப்பு வாரும் பலகை. திருடன் வந்தால் பலகையால் ஒரே இழுப்புதான். உப்போடு உப்பாகக் குவியலில் கிடப்பான். நாங்களே வரைந்த ஆள் என்றாலும், அண்ணன் ஆயிற்றே, 'அவர்' என்றுதான் சொல்வோம்.

"எனக்கும் அந்த ஊர்ல ஒரு ஆளு வேணும்பா" என்று வந்தாள் எங்கள் வகுப்புச் செந்தமிழ். அவளுடைய ஆள் நண்டு டீச்சர். யாரையாவது பிடித்தால் வாய்ப்பாடு ஒப்பிக்கும்வரை விடமாட்டார். அப்புறம் பறக்கும் பஸ் வந்தது. இறால் போலீஸ் வந்தார். உப்பண்ணன் கதையில் நண்டு டீச்சர் வருவார், நண்டு டீச்சர் கதையில் பஸ் பறக்கும். ஜன்னல் நிறைந்துவிட்டது.

சண்டை வரக்கூடாது என்று நானும் சித்தார்த்தனும் ஒரு சட்டம் போட்டோம். யாருடைய ஆளும் யாருடைய கதையிலும் வரலாம். ஆனால் ஜன்னலில் தொங்கவிட்டதை யாரும் அழிக்கக்கூடாது, கிழிக்கவும் கூடாது.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சித்தார்த்தனின் அப்பாவுக்குத் தாம்பரத்தில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள்.

"உப்பண்ணனைப் பாத்துக்கோ பூவிழி. தீமிதி திருவிழாவுக்கு வருவேன். வந்து எல்லாத்தையும் படிப்பேன்" என்றான்.

"பாத்துக்கறேன்டா" என்றேன். பஸ் போனபிறகுதான் அழுதேன்.

அதற்கப்புறம் எங்கள் வகுப்புத் தமிழ்வேந்தனும் வரைய வந்தான். அவனுடைய ஆள் சூரியப் பையன். கண்ணிலிருந்து வெயில் அடிக்கும். பாவம், அவனை யாரும் சண்டைக்கே கூப்பிடவில்லை. செந்தமிழின் கதையில் நண்டு டீச்சரின் புடவையைக் காயவைத்தான். என் கதையில் வடகம் காயவைத்தான்.

"என் ஆளு என்ன, துணி காயப்போடற கொடியா?" என்று தமிழ்வேந்தன் கேட்டான். நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

பங்குனியில் திடீரென்று மழை கொட்டியது. அம்மா உப்பளத்திலிருந்து பாதியிலேயே வந்துவிட்டாள். "பாத்தியில கட்டின உப்பெல்லாம் கரைஞ்சு போச்சு. வெயில் அடிக்கிற வரைக்கும் வேலை கிடையாது" என்றாள்.

மறுநாள் ஜன்னலில் தமிழ்வேந்தனின் புதுத் தாள் தொங்கியது. அதிலும் மழை! உப்பண்ணன் புயலை மறித்து நிற்கிறார். கை கரைகிறது, தலை கரைகிறது. கடைசியில் தண்ணீரில் சிவப்புத் துண்டு மட்டும் மிதக்கிறது. பக்கத்தில் சூரியப் பையன், "இனிமே இந்த ஊருக்கு நான்தான்!" என்கிறான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏன்டா இப்படிப் பண்ண?"

"மழை பேஞ்சா உப்பு கரையாதா? நான் ஒண்ணும் தப்பா வரையலியே" என்றான் தமிழ்வேந்தன்.

"கிழிச்சுப் போடுடீ" என்றாள் செந்தமிழ்.

தாளைப் பிடித்தேன். ஆனால் இன்று நான் கிழித்தால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் யாருடையதையும் கிழிப்பார்கள். கையை எடுத்துவிட்டேன். சித்தார்த்தனுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

சில நாள் நல்ல வெயில் அடித்தது. வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்க அம்மா உப்பளத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பாத்தியில் தெளிந்த தண்ணீர் நின்றது. ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

உப்பு எங்கேயும் போகவில்லை! தண்ணீருக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. வெயில் பட்டதும் வெளியே வருகிறது.

வெயில்! அங்கிருந்து நேரே தமிழ்வேந்தனின் வீட்டுக்கு ஓடினேன்.

"தமிழு, உன் ஆளு எனக்கு வேணும்."

"எதுக்கு, வடகம் காயவைக்கவா?"

"உப்பண்ணனைக் காப்பாத்த. சூரியப் பையனை விட்டா வேற யாராலயும் முடியாதுடா."

அவன் என்னையே பார்த்தான். "நெஜமாவா?"

"நெஜமா. நான் கதை சொல்றேன், நீயே வரை. நாங்க சிரிச்சதும் தப்புதான்."

"அவரு கரைஞ்சதும் எனக்கும் ஒரு மாதிரியாதான் இருந்துச்சு. ஆனா அழிக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குதே" என்றான் அவன் மெதுவாக.

அன்று சாயங்காலம் வரை வரைந்தோம். சூரியப் பையன் வரப்பில் உட்கார்ந்து, கண் இமைக்காமல் பாத்தியையே பார்க்கிறான். ஒரு வெள்ளைப் புள்ளி வருகிறது. அப்புறம் கால் கட்டைவிரல். அப்புறம் முழு உப்பண்ணன்! எழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "யப்பா, என்னா குளிரு! யாராவது ஒரு டீ குடுங்கப்பா."

திருவிழாவுக்கு வந்த சித்தார்த்தன் நேரே பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்தான். ஒவ்வொரு தாளாகப் படித்தான். மழைத் தாளில் அப்படியே நின்றுவிட்டான்.

"போயிட்டாரா?" என்றான். தமிழ்வேந்தன் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"அடுத்த தாளைப் பாருடா" என்றேன்.

பார்த்தான். டீ கேட்கும் இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு பையிலிருந்து மடித்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்தான்.

"அங்க எங்கூட வரைய யாருமில்ல. நானே வரைஞ்சேன்."

தாளில் ரயிலண்ணன் என்று ஒருவர் மூட்டையோடு நின்றார். "வெண்மேட்டூருக்கு எப்படிப் போவணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கம்பியில் இடமே இல்லை. தமிழ்வேந்தன் தன் தாளின் கிளிப்பைக் கழற்றி, ரயிலண்ணனையும் சேர்த்து மாட்டினான். "வந்துட்டாரு பாரு" என்றான்.

இன்று காலை என் பையில் ஒரு காலண்டர் தாளும் ஒரு கிளிப்பும் இருக்கின்றன. ஆறாம் வகுப்பு ஜன்னல் பெரிது. நிறையப் பேர் குடிவரலாம்.