காலஞ்சென்றவர் கஞ்சி குடிக்கிறார்!

செல்போன் அலறியது.

ஜெபசுதா ஒரு கையால் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, மறு கையால் போனை எடுத்தாள்.

"ஹலோ..."

"தங்கச்சி... நான் காயல்பட்டணத்துலேர்ந்து மூஸா பேசுதேன். நீங்க என்னையப் பார்த்தது இல்ல. இப்பத்தான் விஷயம் தெரிஞ்சுது. மனசே கேக்கலம்மா. எப்போ எடுக்கிய?"

"எத எடுக்கோம்?"

"அதான்... உங்க அப்பாவோட உடம்ப..."

கரண்டி கஞ்சிக்குள் விழுந்தது!

ஜெபசுதா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கூடத்தில், ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர் தேவதாசன் நாற்காலியில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவுட் கொடுத்த அம்பயரைக் கையாலேயே திட்டினார். வாயால் திட்ட வழியில்லை. தொண்டையில் புற்றுநோய். குரல் போய், கிசுகிசுப்பு மட்டும் மிச்சம்.

"அண்ணே... எங்க அப்பா கஞ்சிக்குக் காத்துக்கிட்டு இருக்காவ!"

"என்னம்மா சொல்லுதிய? நான் நேத்துதானே பணம் போட்டேன்! பில்லு கட்டாம உடம்பத் தரமாட்டேங்காங்கன்னு நெட்டுல போட்டிருந்துச்சே! துக்கம் கேக்கணும்னு தோணிச்சு. உங்க அப்பா முன்னால வேலை பார்த்த ஸ்டேஷன்ல கேட்டு இந்த நம்பர வாங்கினேன்!"

"யார் போட்டது? எங்க?"

வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்து விழுந்தது. தொட்டாள்.

அப்பாவின் படம். கண் மூடியிருந்தார். படத்தைச் சுற்றி மாலை!

'காலஞ்சென்ற காவல் அதிகாரி தேவதாசனின் உடலை மீட்க உதவுங்கள்.'

ஜெபசுதா திரையைத் தள்ளித் தொகையைப் பார்த்தாள்.

துறைமுகத்துக் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவள் அவள். இன்சூரன்ஸ் தந்தது போக மீதிக்கு வழியில்லாமல், நிதி திரட்டும் தளம் ஒன்றில் அப்பா பெயரில் பக்கம் தொடங்கி மூன்று மாதமாயிற்று. சர்ச், ஆபீஸ், சொந்தபந்தம் என்று கெஞ்சிக் கெஞ்சிச் சேர்த்ததை, இந்தப் போலிப் பக்கம் மூன்றே நாளில் தாண்டியிருந்தது!

தேவதாசன் போனை வாங்கிப் பார்த்தார். பிறகு கிசுகிசுத்தார்.

"உசிரோட இருக்கவனுக்குக் குடுக்க யோசிக்கான்... செத்தவனுக்கு அள்ளிக் குடுக்கான். ஏளா சுதா, நான் தப்பான பக்கத்துல இருக்கேனோ?"

"அப்பா! சிரிக்காதிய! எனக்கு எரியுது!"

அவர் படத்தைப் பெரிதாக்கினார்.

"இது நம்ம வீட்டு நாற்காலி. நான் அசந்து தூங்குதப்ப எடுத்திருக்கான். பாக்க வந்தவன் எல்லாம் பழம் வாங்கிட்டு வந்தான்... ஒருத்தன் மட்டும் படம் எடுத்துட்டுப் போயிருக்கான்!"

யார் அந்த ஒருத்தன்? வீட்டுக்கு வந்துபோனவர்களுக்குக் கணக்கே இல்லை!

*

மறுநாள் அதைவிடப் பெரிய இடி.

ஜெபசுதாவின் நிஜப் பக்கத்தை முடக்கிவிட்டார்கள்!

தளத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அடித்தாள். தேன் தடவிய குரலில் ஒரு பெண்.

"மேடம், உங்க பக்கம் போலின்னு நிறைய புகார் வந்திருக்கு. செத்துப்போனவர் பேர்ல வைத்தியத்துக்குன்னு வசூல் பண்றீங்களாம்."

"அவரு சாகல! எதிர்ல உக்காந்திருக்காரு!"

"உயிரோட இருக்கார்ங்கிறதுக்கு ஏதாவது ஆதாரம் அனுப்புங்க மேடம்."

"ஆதார் கார்டு குடுத்திருக்கேனே!"

"அது செத்தவங்களுக்கும் இருக்கும் மேடம்."

போனைச் சுவரில் எறியத் தோன்றியது. எறிந்தால் வேறு போன் வாங்கக் காசில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் மதுரை ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்ட வேண்டும். தவறினால் ஆபரேஷன் தேதி அடுத்தவருக்குப் போய்விடும். காத்திருக்கிற நிலையில் தொண்டை இல்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

உப்பு லாரிகளுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே ஸ்கூட்டரை நுழைத்து, வெயிலில் வெந்து, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

ரைட்டர் தலையை நிமிர்த்தவில்லை.

"இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்து போயிருக்காரு. என்ன விஷயம்?"

சொன்னாள்.

"பணத்த இழந்தது யாரு? நீங்களா?"

"இல்ல. உதவி செஞ்சவங்க."

"அப்ப அவங்கல்ல வரணும்?"

"ஆனா எங்க அப்பா பேர்லதானே ஏமாத்துதாங்க!"

"அப்ப உங்க அப்பா வரணும்."

"அவருக்கு உடம்பு சரியில்ல சார்!"

"இறந்துட்டதா இங்கன ஒரு பேச்சு ஓடுதே?"

ஜெபசுதா மேஜையில் ஓங்கிக் குத்தினாள்.

"முப்பத்தாறு வருஷம் இந்தக் காக்கியப் போட்டவரு சார் அவரு!"

"அதனாலதாம்மா உங்களுக்கு டீ சொல்லிருக்கேன்."

டீயும் வரவில்லை.

சாயங்காலம் இன்ஸ்பெக்டரே போனில் வந்தார்.

"நான் பாண்டியராஜ். திண்டுக்கல்லேர்ந்து மாத்தலாகி வந்திருக்கேன், ஊருக்குப் புதுசு. உங்க அப்பா உயிரோட இருக்காரான்னு முதல்ல நான் வெரிஃபை பண்ணணும்மா. நேரம் கிடைக்கிறப்போ வீட்டுக்கு வர்றேன்."

"எப்போ சார்?"

"கிடைக்கிறப்போ."

அவள் அழுதுவிடுவாள் போலிருந்தபோது வாசலில் பைக் வந்து நின்றது.

கிருபாநிதி! ரிட்டயர்டு ஏட்டு. தேவதாசனுக்குக் கீழே பல வருஷம் வேலை பார்த்தவர். நோய் வந்த நாளிலிருந்து வாரம் தவறாமல் வருகிறவர் அவர் ஒருவர்தான்.

"நானும் பார்த்தேன் சுதா. ரத்தம் கொதிக்குது! சைபர் கிரைம்ல நமக்கு ஆள் இருக்கு, நான் பாத்துக்கிடுதேன். நீ பொம்பளப்பிள்ள... ஸ்டேஷன் ஸ்டேஷனா அலையாத. அண்ணாச்சிய மட்டும் கவனி."

"சரி மாமா..."

அந்த ஒரு ஆறுதல் வார்த்தைக்கே அவளுக்குக் கண் நிறைந்தது.

*

இரண்டு நாள் ஓடியும் ஒரு தகவலும் இல்லை. போலிப் பக்கத்தில் மட்டும் பணம் ஏறிக்கொண்டே போனது.

மூஸா, மனைவி ஜமீலாவோடு நேரிலேயே வந்துவிட்டார். துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறவர்.

"எங்க வாப்பா மறதியில வீட்ட விட்டுப் போயி, கயத்தாறு பஸ் ஸ்டாண்டுல பசியோட கிடந்தாங்க சார். நீங்கதான் தேடிக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்திய. உங்களுக்கு மறந்திருக்கும். எங்களுக்கு மறக்காது. என்ன செய்யணும், சொல்லுங்க."

தேவதாசன் புன்னகைத்தார். கையசைத்து எல்லாரையும் பக்கத்தில் அழைத்தார். கிசுகிசுப்பில் ஒரு திட்டம் பிறந்தது.

"இன்ஸ்பெக்டருக்கு மட்டும் சொல்லு சுதா. வேற யாருகிட்டயும் மூச்சு விடாத. யாருகிட்டயும்!"

போலிப் பக்கத்திலிருந்த எண்ணுக்கு மூஸா செய்தி அனுப்பினார்.

'தர்மத்துக்கு ஒதுக்கிய ஸக்காத் பணம் ரெண்டு லட்சம் கையில் இருக்கிறது. பேங்கில் போட மாட்டேன். இறந்தவரின் மகள் கையில் நேரில்தான் கொடுப்பேன்.'

பதில் உடனே வந்தது.

'மகள் ஜெபசுதா வருவார்.'

"நான் வருவேனாம்லா!" என்று ஜெபசுதா பல்லைக் கடித்தாள்.

*

முயல் தீவுக் கடற்கரை. பிற்பகல்.

தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் அசையாமல் நின்றன. மூஸாவின் கார் சவுக்கு மரங்களின் நிழலில் நின்றது. பின்சீட்டில் ஜமீலாவின் புர்காவுக்குள் ஜெபசுதா. கண் மட்டும் வெளியே. முத்துக் குளிக்கிறவனைப் போல மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டருக்கு மூன்று முறை போன் பண்ணியாயிற்று. 'பாப்போம்மா' என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை உதிரவில்லை.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

கறுப்புச் சேலையில் ஒரு பெண் இறங்கினாள். அழுது வீங்கிய கண். கையில் கைக்குட்டை. நேராகக் காருக்கு வந்தாள்.

"மூஸா அண்ணனா? நான்தான் ஜெபசுதா."

"உள்ள உக்காருங்கம்மா. இவங்க என் வீட்டுல உள்ளவங்க."

பின்சீட்டில் ஏறியவள் நிஜ ஜெபசுதாவின் தோளிலேயே சாய்ந்து விம்மினாள்!

"அக்கா... எங்க அப்பா என்னத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டாவ அக்கா..."

"கடைசியா என்னம்மா சொன்னாவ?" மூஸா.

"'சுதா, உனக்கொரு நல்லது பாக்காமப் போறேனே'ன்னு..."

அதற்கு மேல் தாங்கவில்லை. ஜெபசுதா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏளா... நீ ஜெபசுதான்னா, நான் யாருளா?"

முகத்திரையைத் தூக்கினாள்.

அந்தப் பெண் ஒரு நொடி வெளிறினாள். அடுத்த நொடி, கார்க் கதவைத் திறந்து ஊரே கேட்க அலறினாள்.

"ஐயோ! காப்பாத்துங்க! என்னக் கடத்துதாங்க!"

கடற்கரைக்கு வந்திருந்த கூட்டம் காரைச் சூழ்ந்தது. யாரோ மூஸாவின் சட்டையைப் பிடித்தார்கள். ஜெபசுதா கிருபாநிதிக்கு அடித்தாள்.

"மாமா! முயல் தீவுக்கு உடனே வாங்க! கள்ளியப் பிடிச்சிட்டேன்!"

அப்போது சைரன் சத்தம். போலீஸ் ஜீப்! இன்ஸ்பெக்டர் பாண்டியராஜும் ஒரு பெண் காவலரும் இறங்கினார்கள்.

"யாரு இங்க ஜெபசுதா?"

"நான்தான் சார்!"

"நான்தான் சார்!"

இரண்டு குரல்!

கறுப்புச் சேலை, கைப்பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்து நீட்டினாள். பெயர் ஜெபசுதா. தகப்பன் பெயர் தேவதாசன். படம்... அவளுடையது!

"உங்க கார்டு எங்கம்மா?" என்று நிஜ ஜெபசுதாவிடம் திரும்பினார்.

"என் பை... காயல்பட்டணத்துல ஜமீலா அக்கா வீட்டுல இருக்கு சார். புர்கா மாத்துதப்ப வச்சேன்..."

"சார், இவங்கதான் நிஜ மக!" மூஸா பதறினார்.

"எத்தனை நாள் பழக்கம்?"

"முந்தாநாள்தான் சார் நேர்ல பார்த்தேன்..."

கூட்டம் சிரித்தது. ஜெபசுதாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. செத்துப்போகாத அப்பாவுக்குச் சாட்சி கேட்டார்கள். இப்போது அவளுக்கே சாட்சி வேண்டும்!

பைக் சத்தம். கிருபாநிதி!

இத்தனை சீக்கிரமா? யோசிக்க நேரமில்லை. கடலில் தத்தளிப்பவளுக்குக் கட்டுமரம் கிடைத்தது போல ஓடினாள்.

"மாமா! சொல்லுங்க மாமா! நான் யாருன்னு இவங்ககிட்ட சொல்லுங்க!"

கிருபாநிதி அவளை மேலும் கீழும் பார்த்தார். இன்ஸ்பெக்டருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"ரிட்டயர்டு ஏட்டு கிருபாநிதி சார். இந்தப் பொம்பளைய நான் பார்த்ததே இல்ல."

ஜெபசுதாவின் காலடியில் மணல் நழுவியது.

"மாமா...?"

அவர் கறுப்புச் சேலையின் தலையில் பரிவாகக் கை வைத்தார்.

"இதுதான் சார் எங்க அண்ணாச்சி மக. நான் தூக்கி வளர்த்த பிள்ள. துக்க வீட்டுப் பிள்ளைய இப்படி நடுரோட்டுல நிப்பாட்டலாமா? வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு ஸ்டேஷனுக்கு வாரேன்."

"பாவி! எங்க வீட்டுக் கஞ்சியக் குடிச்சிட்டா இப்படிப் பேசுதிய?" ஜெபசுதா பாய்ந்தாள். பெண் காவலர் தடுத்தார்.

பாண்டியராஜ் தாடையைத் தடவினார்.

"நீங்க டிபார்ட்மென்ட் ஆளு. நம்பலாம். தேவதாசன் சார் இறந்தது உண்மைதானா?"

"என் மடியிலதான் சார் உசிரு போச்சு!" கிருபாநிதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் கையாலதான் கண்ண மூடிவிட்டேன்!"

ஜீப்பின் பின்கதவு திறந்தது.

கழுத்தில் துண்டோடு ஓர் உருவம், கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கியது.

"ஏலே கிருபா..."

கிசுகிசுப்புதான். ஆனால் கிருபாநிதிக்கு அது இடியாய்க் கேட்டது.

"உன் மடி... அவ்வளவு சௌகரியமாவாலே இருந்துச்சு?"

கறுப்புச் சேலை "ஆவி!" என்று அலறியபடி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா!" ஜெபசுதா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

பாண்டியராஜ் முதல் தடவையாகச் சிரித்தார்.

"வெரிஃபை பண்ண இன்னிக்குத்தாம்மா நேரம் கிடைச்சுது. வீட்டுக்குப் போனேன். கூடவே வருவேன்னு ஏறி உக்காந்துட்டாரு. வந்ததுமே உங்களக் கைகாட்டிட்டாரு. 'அவசரப்படாதீங்க, அந்தக் கறுப்புச் சேலையக் காப்பாத்த யாரு வாரான்னு பாப்போம்'னு சொன்னதும் அவருதான்."

உடைய அதிக நேரம் பிடிக்கவில்லை. கறுப்புச் சேலையின் நிஜப் பெயர் ரேச்சல். சாத்தான்குளத்தில் இருக்கிற கிருபாநிதியின் கொழுந்தியாள். தேவதாசன் நிஜமாகவே செத்துவிட்டதாக அவளையும் நம்ப வைத்திருந்தார். ஆன்லைன் ரம்மியில் பென்ஷனைத் தோற்ற கிருபாநிதி, பழத்தைக் கொடுத்துவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தார். போலி ஆதாரும் அவர் ஏற்பாடுதான்; ரேச்சலுக்குக் காவலாகப் பக்கத்திலேயே ஒளிந்திருந்ததால்தான் அத்தனை சீக்கிரம் வந்தார்.

"சார், அந்தப் பணம்?" ஜெபசுதா கேட்டாள்.

"அக்கவுன்ட்ட முடக்கச் சொல்லிட்டேன். இனிமே கோர்ட் ஆர்டர் வந்தாத்தான் போட்டவங்களுக்கே திரும்பும்."

"என் பக்கம்?"

"அதுக்கு நான் லெட்டர் தர்றேன். அவங்க திறக்கக் கொஞ்ச நாளாகும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முன்பணம் கட்டணும் சார்! கள்ளனப் பிடிச்சும் எனக்கு ஒண்ணும் கிடைக்காதா?" அவள் குரல் உடைந்தது.

மூஸா, கிழிந்த சட்டையைச் சரிசெய்துகொண்டே முன்னால் வந்தார்.

"தங்கச்சி... எங்க வாப்பா விஷயத்த துபாய்ல நம்ம ஊர் ஆளுங்ககிட்டச் சொன்னேன். முன்பணம் நாளைக்கே நேரா ஆஸ்பத்திரிக்குப் போகும். நெட்டும் வேண்டாம், பக்கமும் வேண்டாம்."

ஜெபசுதா கையெடுத்துக் கும்பிட்டாள். மூன்று மாதமாக அடக்கி வைத்த அழுகை, அங்கேயே, அத்தனை பேர் முன்னால் கொட்டியது.

ஜீப்பில் ஏற்றும்போது கிருபாநிதி திமிறிக்கொண்டு வந்து தேவதாசனின் காலில் விழுந்தார்.

"அண்ணாச்சி... புத்தி கெட்டுப்போச்சு... ஒரே ஒரு தடவ மன்னிச்சிருங்க அண்ணாச்சி!"

தேவதாசன் குனிந்தார். அவர் காதருகே கிசுகிசுத்தார்.

"மன்னிக்கலாம்லே... ஆனா, நான்தான் செத்துட்டேனே!"